நாற்பத்தொன்றாவது எடுத்துக்காட்டு

கமா அக்கா என்று சொன்னால்தான் அந்தக் கட்டடத்தில் ஆளைத் தெரியும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பதினெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். துணி துவைக்கும் இயந்திரம், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எது வாங்கினாலும் உள்ளே மடித்து ஒரு தாள் வருமே, யாரும் படிக்காமல் அலமாரியில் செருகிவைப்பது, அதை வரி விடாமல் படிப்பதுதான் அவள் வேலை. ஒருமுறை ஒரு கமா இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. சுழல்வது நின்றபின் திறக்க வேண்டிய மூடியை ஓடும்போதே திறக்கலாம் என்று பொருள் வந்துவிட்டது. அதற்குள் எட்டாயிரம் தாள் அச்சாகி, மடித்து, கட்டும் கட்டியாயிற்று. "இத வெளிய அனுப்பினா யாரோ ஒருத்தருக்கு விரல் போகும். நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்று அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். எட்டாயிரமும் மறுபடி அச்சாயின. அன்றிலிருந்து அவள் கமா. வயது ஏற ஏற, பின்னால் அக்காவும் வந்து ஒட்டிக்கொண்டது.

நாற்பத்திரண்டு வயதில் வேலை மாறினாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது புது அலுவலகம். ஏழு மேசைகள், சொட்டுச் சொட்டாக வாளியில் ஒழுகும் ஒரு ஏசி, ஜன்னலைத் திறந்தால் பேருந்து நிறுத்தம். செய்யும் வேலை என்னவோ பழைய வேலைதான், படிக்கிற தாள்தான் வேறு. இப்போது அவள் படித்தது கணினிக் கருவிகளின் கையேடுகளை. கையேட்டில் சொன்னது சொன்னபடி நடக்கிறதா, எது முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறதா, தப்பு நேர்ந்தால் கருவி என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பலர் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேலாளர் அம்மா ஒன்று சொன்னாள். "நீங்க இதுவரைக்கும் மனுஷங்க படிக்கிறத திருத்தினீங்க. இத இனிமே மனுஷங்க மட்டும் படிக்கப் போறதில்ல. ஏஜென்ட் படிக்கும்."

ஏஜென்ட் என்றால் தானாக இயங்கும் நிரல். ஒரு வேலையைச் சொன்னால் நாலு இடத்தில் போய்த் தேடி, கேட்டு, முடித்துவிட்டு வந்து பதில் சொல்லும். வெளியுலகம் அதற்குத் தெரியாது. தேட ஒரு கருவி கொடுக்க வேண்டும், கருவியை எப்படிக் கையாள்வது என்று கையேடும் கொடுக்க வேண்டும். கையேட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே நம்பும்.

"நீங்களும் நானும்னா, இது என்னடா ஒரு மாதிரி இருக்கேன்னு தலையச் சொறிவோம். அது சொறியாது. அதுக்கும் சேத்து நீங்கதான் சந்தேகப்படணும்" என்றாள் மேலாளர்.

கமா அக்காவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சந்தேகப்படுவதற்கு ஒருவரை வேலையில் அமர்த்துவார்கள் என்பதே அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அப்ப உனக்கு இது பொறவி வேலைதான்" என்றான் கணவன். அவன் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.

மூன்றாவது வருடத்தில் ஒரு தேடல் கருவியின் கையேடு அவள் மேசைக்கு வந்தது. ஏஜென்டுகளுக்கென்றே செய்த கருவி. நாற்பத்தாறு எடுத்துக்காட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் அப்படியே கணினியில் தட்டி ஓட்டிப் பார்த்து, கையேட்டில் காட்டியிருக்கும் விடையே வருகிறதா என்று ஒப்பிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ‘ஓட்டிப் பார்த்தது’ என்று குறிக்க வேண்டும். அதுதான் வேலையிலேயே முதுகு ஒடிகிற பகுதி.

படிக்க உட்கார்ந்தவள் இரண்டாம் பக்கத்திலேயே மயங்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கையேட்டை அவள் பார்த்ததில்லை. ஒரு வாக்கியம் மிகையில்லை. எங்கே தடுக்குமோ அங்கே கை கொடுத்தது. எங்கே குழம்புமோ அங்கே ஒரு சின்ன உதாரணம். கமா ஒவ்வொன்றும் அதனதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எழுதியவர் யார் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பெயர் இல்லை.

வியாழனும் வெள்ளியும் ஓட்டினாள். முப்பத்து மூன்று எடுத்துக்காட்டுகள் வரை எல்லாம் சொன்னபடி வந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணி. மிச்சம் பதின்மூன்று. அவள் கை சுட்டியின் மேல் இருந்தது. முப்பத்து மூன்றாவது கட்டத்தின் மூலையைப் பிடித்து, கீழே நாற்பத்தாறு வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். ‘ஓட்டிப் பார்த்தது’, ‘ஓட்டிப் பார்த்தது’ என்று பதின்மூன்று கட்டங்களும் தாமாக நிரம்பின.

அவசரம் எதுவும் இருக்கவில்லை. பின்னால் அவளை அதிகம் அறுத்தது இதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல், தலைவலி, மேலதிகாரியின் நெருக்கடி என்று ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கலாம். ஒன்றும் இல்லை. இவ்வளவு நன்றாக எழுதுகிறவன் தப்பாகவா எழுதியிருப்பான் என்று நினைத்தாள், அவ்வளவுதான். மிச்சமான நேரத்தில் டீ குடித்தாள். அடுத்த மேசைக்காரியின் புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்து, அதன் குதிகாலைக் கிண்டலடித்து, எல்லோரையும் சிரிக்கவைத்தாள். தொண்ணூற்று நான்கு மதிப்பெண் போட்டாள். குறிப்பில் ‘படிக்கவே சுகமாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனாள்.

அதே கட்டடத்தின் முதல் மாடியில் மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. அதை நடத்தியவரை மேலே எல்லோரும் கீழ்மாடிக்காரர் என்பார்கள். நெட்டையான, கூன்போட்டு நடக்கிற மனிதர். கமா அக்காவைவிட இரண்டு மூன்று வயது இளையவர், ஆனால் தலை முழுக்க நரைத்திருந்தது. நகராட்சிக்காக ஒரு மருந்து உதவித் தொலைபேசியை அவர் அமைத்துக்கொண்டிருந்தார். இன்ன மருந்து எந்தக் கடையில் கிடைக்கும், கடை திறந்திருக்கிறதா என்று மக்கள் அழைத்துக் கேட்டால், ஏஜென்ட் தேடிப் பார்த்துக் குரலில் பதில் சொல்லும்.

ஒருநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது அவர் சிரித்தார். "அக்கா, நீங்க தொண்ணூத்தி நாலு போட்ட கருவியத்தான் எடுத்துருக்கேன். நீங்க இதுக்கு முன்னாடி தொண்ணூறத் தாண்டினதே இல்லையாமே? அப்புறம் நான் எதுக்கு மண்டைய உடைச்சிக்கணும்?"

கமா அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. "நல்லா எழுதிருக்காங்க சார். கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இல்லாத மருந்து ஒன்றின் பெயரை, வாய்க்கு வந்தபடி உருவாக்கி, தேடக் கொடுத்துப் பார்த்தார். கையேட்டில் சொன்னபடி வெற்றுப் பட்டியல்தான் வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தால், ‘எனக்குத் தெரியவில்லை, பெரிய மருத்துவமனை மருந்தகத்தில் கேளுங்கள்’ என்று சொல்லும்படி ஏஜென்டை அமைத்தார். யோசித்துச் செய்த வேலை. ஆனால் முன்பு இருந்த, இப்போது இல்லாமல் போன ஒன்றைத் தேடினால் கருவி என்ன செய்யும் என்பதை அவர் பார்க்கவில்லை. அதற்குக் கையேட்டில் தனியாக ஒரு எடுத்துக்காட்டு இருந்தது. நாற்பத்தொன்றாவது.

மூன்று மாதம் தொலைபேசி நன்றாகவே ஓடியது.

ஊரின் மறுகோடியில் ஒரு தையல்காரி இருந்தாள். ஐம்பத்தைந்து வயது. வலிப்பு உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டால் ஒன்றும் வராது, பதினோரு வருடமாக வரவில்லை. அந்த மாத்திரை சில வாரங்களாகக் கடைகளுக்கு வரத்து நின்றுபோயிருந்தது. அவள் கணவர் ஒரு கிடங்கின் வாட்ச்மேன். உதவித் தொலைபேசியை அழைத்துக் கேட்டார். மூன்று கடைகளின் பெயரைச் சொல்லி, ஏழு மணிவரை திறந்திருக்கும் என்றும் சொன்னது அந்தக் குரல். முதல் கடை இருந்த இடத்தில் பாத்திரக்கடை இருந்தது. இரண்டாவது கடையில், "அத நாங்க வாங்கி விக்கறத நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சே" என்றார்கள். மூன்றாவது கடையின் ஷட்டரில் துரு. மறுநாள் மறுபடி அழைத்தார். அதே மூன்று பெயர். தான்தான் இடம் தவறிப் போய்விட்டோம் என்று நினைத்து மறுபடி அலைந்தார். மூன்றாம் நாள் காலையில் தையல்காரிக்கு வலிப்பு வந்தது. குளியலறை வாசற்படியில் விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

வாட்ச்மேன் கொடுத்த புகாரின் பேரில் நகராட்சியிலிருந்து ஆட்கள் முதல் மாடிக்கு வந்து கேள்வி கேட்டுவிட்டு, தொலைபேசியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேலாளர் அம்மா, கீழ்மாடிக்காரர், நகராட்சி அதிகாரி, பிறகு கமா அக்கா. அவளுடைய அறிக்கை மேசையில் அச்சாகிக் கிடந்தது. அதிகாரி அதைப் புரட்டி, "படிக்கவே சுகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுப் படித்தார். கிண்டலாகப் படிக்கவில்லை. கமா அக்காவுக்குக் காது மடல் சுட்டது.

மேலாளர் திரும்பி, "நாப்பத்தாறையும் ஓட்டிப் பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல அவளுக்கு மூச்சுவிடும் நேரம் இருந்தது. ‘இல்லை’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதிகாரியின் பேனா தாளின் மேல் காத்திருந்தது.

"பாத்தேன்" என்றாள்.

"அப்ப கையேட்டுல தப்பில்ல" என்றாள் மேலாளர். "சார், நீங்கதான் இணைக்கிறப்ப எங்கயோ விட்டிருக்கீங்க."

கீழ்மாடிக்காரர் வாதாடவில்லை. நரைத்த தலையைக் கோதிக்கொண்டு, "அக்கா பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். "என்னோட நிரல்தான் பழைய பதில எங்கயோ சேத்து வச்சிக்கிட்டு எடுத்துக் குடுக்குதுபோல. தேடிப் பாக்கறேன். தப்பு என்னோடதுதான்."

பேனா எழுதியது.

கூட்டம் முடிந்ததும் கமா அக்கா தன் மேசைக்குப் போய் நாற்பத்தொன்றாவது எடுத்துக்காட்டைத் திறந்தாள். மூடிப்போன ஒரு புத்தகக்கடையின் திறப்பு நேரத்தைத் தேடும் எடுத்துக்காட்டு அது. ‘தற்போதைய தகவல் இல்லையெனில் வெற்றுப் பட்டியலே திரும்பும்’ என்று அழகாக எழுதியிருந்தது. அதை அப்படியே தட்டினாள். மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் பழைய சேமிப்பிலிருந்து, தேதி இல்லாமல், புத்தம்புதிது போல. ஓட்ட ஆன நேரம் அரை நிமிடம்கூட இல்லை.

அன்றைக்கே எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். கீழே இறங்க இருபத்திரண்டு படி. அவள் கணினியை அணைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள்.

ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சோடு நிற்கவில்லை. வாய் கசந்தது. மகள் பள்ளிக் கட்டுரையைத் திருத்தக் கொடுத்தால், சரியாக இருந்த வரிகளையும் அடித்து மாற்றினாள். "அம்மா, நீ என் கட்டுரைய திருத்தல, அத பழி வாங்கற" என்றாள் மகள். அலுவலகத்தில் யாராவது ‘கமா அக்கா’ என்று கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல இருந்தது. படிக்கட்டில் கூன்போட்ட முதுகைக் கண்டால், மேலேயே நின்று, கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு இறங்கினாள்.

ஒருநாள் காலை, சட்டையில் பொத்தான் போட்டபடியே கணவன் ஒரு கதை சொன்னான். "எங்க புது ஆள் ஒருத்தன் இருக்கானே, நேத்து டீக்கடைல உக்காந்தே பன்னெண்டு லிஃப்ட்டுக்கு ‘சோதிக்கப்பட்டது’ன்னு கையெழுத்துப் போட்டுட்டான். கேட்டா, போன மாசம் நல்லாத்தானே ஓடுச்சுங்கறான்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

கமா அக்கா சிரிக்கவில்லை.

"என்னை ஏன் முறைக்கிற? நான் போடல. நான் ஏறி எறங்கிப் பாக்காம பேனாவ எடுத்ததே இல்ல."

"தெரியும்" என்றாள். அவன் போன பிறகு, குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள், மகளின் பள்ளிப் பாவாடையை நீளமாக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, அரை நாள் விடுப்புப் போட்டுத் தையல்காரியின் வீட்டைத் தேடிப் போனாள். முகவரி, புகார்த் தாளிலேயே இருந்தது. பக்கத்துத் தெருக்களில் நாலு தையல்காரர்கள் இருக்க, மூன்று பேருந்து மாறிப் போன சாக்கு அது. முன்னறையில் தையல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. தையல்காரி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு வாரம் தொடக் கூடாதுன்னுட்டாங்கம்மா. அவசரம்னா வேற எடத்துல குடுத்துருங்க" என்று பாவாடையை இடது கையால் திருப்பி நீட்டினாள்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டாள் கமா அக்கா. தெரிந்துகொண்டே கேட்பது எவ்வளவு கேவலம் என்று கேட்கும்போதே தெரிந்தது.

உள்ளேயிருந்து வாட்ச்மேன் வந்து பதில் சொன்னார். "ஃபோன்ல கேட்டேங்க. எவ்வளவு தெளிவாச் சொல்லுச்சு தெரியுமா? கடை பேரு, தெரு, எத்தன மணி வரைக்கும்னு. கொஞ்சம் தடுமாறியிருந்தா எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். தடுமாறாம பேசினா பொய்யின்னு யாருங்க நெனைப்பா?"

கமா அக்காவால் அங்கே உட்கார முடியவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, மேலே போகாமல் நேராக முதல் மாடிக் கதவைத் தட்டினாள். கீழ்மாடிக்காரர் மட்டும் இருந்தார். தரையெல்லாம் தாள்கள். தன் நிரலை முழுதும் அச்செடுத்து, வரி வரியாகச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது நாளாக இல்லாத தப்பைத் தேடுகிறார் என்பது அந்தத் தாள்களைப் பார்த்ததும் புரிந்தது.

"வாங்க அக்கா. இன்னும் கெடைக்கல. நகராட்சில வேலைய திருப்பி எடுத்துக்கிட்டாங்க. இருந்தாலும் எங்க விட்டேன்னு தெரியாம தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

"அதுல இல்ல சார். தேடாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையேட்டுலதான் தப்பு. நாப்பத்தொண்ணாவது எடுத்துக்காட்டு. பழசத்தான் அது எடுத்துக் குடுக்குது. நான் அத ஓட்டிப் பாக்கவே இல்ல. முப்பத்தி மூணோட நிறுத்திட்டேன். மிச்சத்த ஒரே இழுப்பா இழுத்துக் குறிச்சிட்டேன்."

அவர் கையிலிருந்த பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, மெதுவாக மூடினார்.

"கூட்டத்துல கேட்டாங்களே."

"பொய் சொன்னேன்."

"அன்னிக்குத் தெரியுமா உங்களுக்கு, அதுலதான் தப்புன்னு?"

"அப்ப தெரியாது. ஓட்டலன்னு தெரியும். கூட்டம் முடிஞ்சு அஞ்சு நிமிஷத்துல தப்புன்னும் தெரியும்."

"ஓட்டிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நிமிஷம்."

அவர் குனிந்து தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவளும் குனிந்து இரண்டு தாளை எடுத்தாள். "விடுங்க" என்றார், குரல் உயராமல். "அந்த அம்மா கை ஒடைஞ்சதுக்கு நான்தான் காரணம்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கேன். எங்கப்பாகிட்ட சொல்லியிருக்கேன். ஒம்போது நாளா வீட்ல யாரும் என்கிட்ட சரியா பேசல. நீங்க மேலதான் இருந்தீங்க."

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வரல சார். எழுதிக் குடுத்துடறேன்."

"குடுங்க. இனிமே படிக்கட்டுல பாத்தா என்கிட்ட பேசாதீங்க அக்கா."

அப்போதும் அவர் வாயில் அக்கா என்றுதான் வந்தது. அவள் மேலே ஏறினாள்.

மேலாளர் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் ஏழு மேசைகள் அவள் தலையில் இருந்தன. "கருவிக்காரங்க நடுவுல ஏதோ மாத்திட்டாங்க, அதனால மறுபடி பாத்தோம்னு எழுதுவோம். திருத்தமும் போயிடும், நமக்கும் சேதாரம் இல்ல" என்றாள்.

"அவங்க மாத்தலீங்க. நான் பாக்கல."

"ஆனைக்கும் அடி சறுக்கும். நீங்க எழுதித் தர்றத அனுப்பினா, நாம இதுவரைக்கும் போட்ட அத்தன மார்க்கையும் சந்தேகப்படுவாங்க."

"படட்டும். படறதுதான் நல்லது" என்றாள் கமா அக்கா. "இது சறுக்கினது இல்ல. சறுக்கினா தெரியாம விழுவாங்க. நான் தெரிஞ்சு உக்காந்தேன்."

அன்று பிற்பகலில் அவள் எழுதிய திருத்தத்தில் ஒரு அலங்காரமும் இல்லை. ‘நாற்பத்தாறு எடுத்துக்காட்டுகளில் முப்பத்து மூன்று மட்டுமே ஓட்டிப் பார்க்கப்பட்டன. பதின்மூன்று, ஓட்டாமலே ஓட்டியதாகக் குறிக்கப்பட்டன. குறித்தது நான். விசாரணையில் கேட்டபோதும் மறைத்தேன். நாற்பத்தொன்றாவது எடுத்துக்காட்டு தவறு. இணைத்தவர்மீது பிழை இல்லை.’ மேலாளர் அதை மூன்று முறை படித்தாள். கடைசியில் ஒரு சொல்லும் மாற்றாமல் நகராட்சிக்கும் கருவிக்காரர்களுக்கும் அனுப்பினாள்.

கருவிக்காரர்கள் இரண்டு நாளில் கையேட்டைத் திருத்தினார்கள். அதை எழுதியவரிடமிருந்து கமா அக்காவுக்கு ஒரு மின்கடிதம் வந்தது. கருவியைச் செய்தவர்கள் அப்படித்தான் நடக்கும் என்று சொன்னார்கள், அதை அப்படியே எழுதினேன், நானும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். கடிதத்திலும் ஒரு கமா பிசகவில்லை. அவள் அதை அழித்துவிட்டாள்.

மதிப்பெண் போடும் வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, பழைய அறிக்கைகளின் எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஏழெட்டு மாதம் அதைச் செய்தாள். அவளுடைய அறிக்கைகளிலேயே இன்னும் இரண்டு இடத்தில் அதே ஒரே இழுப்பு இருந்தது. இரண்டும் அவளுக்கு மறந்தே போயிருந்தன. அங்கே தப்பு எதுவும் நேரவில்லை. ஆனாலும் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு நாள் புத்தி கெட்டுப்போனது என்று அதுவரை நம்பியிருந்தாள்.

கீழ்மாடிக்காரருக்கு நகராட்சியிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. வேலை திரும்ப வரவில்லை, அதற்குள் வேறு ஒருவரிடம் போய்விட்டது. மழைக்காலத்துக்கு முன்பு அறையைக் காலி செய்துகொண்டு போனார். மேசைகளை இறக்கியபோது கமா அக்கா மேல்படியில் நின்று பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டபடி, பேசவில்லை.

இதற்கெல்லாம் நடுவில், தையல்காரியிடம் சொல்லும் வேலை ஒன்று இருந்தது. கட்டுப் பிரித்த வாரம் போனாள். இந்த முறை சாக்கு எதுவும் எடுத்துப் போகவில்லை. கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. நேர்த்தையல் போட வந்தது, பொத்தான் துளை போட வரவில்லை.

"அன்னிக்கு வந்தப்ப உண்மைய சொல்லல. அந்த ஃபோன் விஷயத்துல எனக்கும் பங்கு இருக்கு" என்று ஆரம்பித்தாள்.

"ஃபோன்ல பேசினது நீங்களா?" என்றாள் தையல்காரி வியப்பாக.

"இல்லம்மா. அந்த ஃபோனுக்குத் தேடிக் குடுக்கறதுக்கு ஒண்ணு இருக்கு. அது எப்படித் தேடும்னு ஒரு புஸ்தகம் இருக்கு. அந்தப் புஸ்தகம் சரியான்னு பாக்கற வேலை எனக்கு."

"பாத்தீங்களா?"

"பாக்கல. பாத்தேன்னு எழுதிட்டேன்."

தையல்காரி ஊசியில் நூல் கோக்க முயன்று, இரண்டு முறை தவறவிட்டாள். "இத்தன பேரு கைய தாண்டியா எங்க வீட்டுக்கு வருது அந்தக் குரல்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "நீங்களா வந்து சொன்னீங்க. சரி" என்றாள். அந்தச் ‘சரி’யில் மன்னிப்பு இருந்ததா என்று கமா அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

வாட்ச்மேன் கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்திருந்தாள். அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"முத நாளே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருங்க. பெரியாஸ்பத்திரில இருக்கும், அங்க போங்கன்னு. எனக்கு அவர ஆகாது. ஃபோன் இவ்வளவு வெவரமா சொல்லுது, இவன் என்ன சொல்றதுன்னு இருந்துட்டேன். போயிருந்தா அன்னிக்கே கெடைச்சிருக்கும். இவகிட்ட இத நான் இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

தையல்காரி தலை தூக்கிக் கணவரைப் பார்த்தாள்.

"உங்க மேல தப்பில்லீங்க" என்றாள் கமா அக்கா அவசரமாக. "நாங்க சரியா சொல்லியிருந்தா நீங்க அங்கதான் போயிருப்பீங்க. அந்தக் குரலே உங்கள அங்க அனுப்பியிருக்கும்."

மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தன் தப்பைச் சொல்லி இறக்கிவைக்க வந்த இடத்தில், அவரை அவர் மனைவியின் முன்னால் நிறுத்திவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

இன்றும் மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறாள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது பொத்தான் துளை வேண்டியிருந்தால், தையல்காரி எடுத்துவைத்திருப்பாள். கமா அக்கா உட்கார்ந்து போட்டுக் கொடுப்பாள். முதலில் கோணல்மாணலாக வந்தது, பிரித்துப் பிரித்துப் போட்டுப் பழகிக்கொண்டாள். தையல்காரி அவளிடம் மகளைப் பற்றிக் கேட்பாள், விலைவாசியைத் திட்டுவாள், சில நாள் சிரிக்கவும் செய்வாள். அவள் வரும் சத்தம் கேட்டால், வாட்ச்மேன் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.